வெள்ளத்தில் பயிர் போனால்: நிவாரணமும் காப்பீடும் கைக்கு வந்து சேர ஒரு முழு வழிகாட்டி

சம்பா நட்டு முப்பது நாற்பது நாளில் அடைமழை பிடித்துக்கொண்டால், காவிரி டெல்டா முழுக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏக்கருக்கு எவ்வளவு அறிவிப்பாங்க?” தொகையை முடிவு செய்வது சென்னை. அந்தத் தொகைக்கான பட்டியலில் நம் பெயரும் சர்வே எண்ணும் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஒரே வாய்க்காலின் இரு கரையிலும் ஒரே அளவு தண்ணீர் நின்றிருக்கும். ஒருவருக்குப் பணம் வந்துவிடும், எதிர்க்கரைக்காரர் ஆறு மாதம் அலைந்துகொண்டிருப்பார். விசாரித்தால் கோளாறு பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதங்களைச் சரிசெய்ய வேண்டிய காலம் மழைக்கு முந்தைய மாதங்கள் என்பதால், இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டு நடைமுறையை, அதிலும் நெல்லை வைத்துத்தான் அதிகம் சொல்கிறேன். மற்ற பயிர்களுக்கும் அடிப்படை இதுவே.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பணத்தை விடுகிறவர்கள் நிறைய.

நிவாரணம் என்பது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருவது. அந்த நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். இதற்கு நாம் எந்தக் கட்டணமும் கட்டத் தேவையில்லை. பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று அதிகாரிகள் பதிவு செய்ய வேண்டும். 2015-க்கு முன்பு இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது.

காப்பீடு என்பது பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். 2016 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் சாகுபடி) பருவத்தில் வந்தது. பிரீமியம் கட்டியவருக்கு மட்டும்தான். இழப்பீட்டைக் கணக்குப் போடும் முறையும் நிவாரணத்திலிருந்து முற்றிலும் மாறுபட்டது.

ஒன்றை வாங்கினால் மற்றது கிடைக்காது என்பது தவறான பேச்சு. “நான்தான் இன்சூரன்ஸ் கட்டியிருக்கேனே” என்று கணக்கெடுப்பு நாளில் வயலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதேபோல் “அரசாங்கம் எப்படியும் நிவாரணம் கொடுக்கும்” என்று காப்பீட்டை விட்டுவிடவும் வேண்டாம்.

நிவாரணம் எவ்வளவு? 2022-26 காலத்துக்கான மத்திய விதிமுறைப்படி, பாசன வசதியுள்ள நிலத்துப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், நீண்டகாலப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர் வரை. ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். ஆக, பாசன நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். மாக் கணக்கில் (ஒரு மா என்பது ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு) பார்த்தால் மாவுக்கு 2,300 ரூபாயை ஒட்டி வரும். உழவு, நாற்று, நடவு, உரம் என்று செலவழித்தவருக்கு இது எந்த மூலைக்கும் போதாது. விதிமுறையே இதை இடுபொருள் மானியம் என்றுதான் சொல்கிறது. போன விளைச்சலுக்கு ஈடு என்று சொல்லவில்லை.

மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்துக் கூடுதலாகவும் தரலாம், தந்தும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழையில் போன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு 17,000. கஜா புயலில் சாய்ந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பேரிடருக்கும் அரசாணை தனி. எந்த மாவட்டம், எந்தத் தேதி மழை, எந்தப் பயிர், ஹெக்டேருக்கு எவ்வளவு, உச்சவரம்பு உண்டா என்பதை அந்த ஆணையில்தான் பார்க்க வேண்டும். போன வருஷத் தொகையை வைத்துக்கொண்டு இந்த வருஷம் சண்டை போட முடியாது.

மழைக்கு முன்: அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது?

பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, சாகுபடி செய்வது யார் என்று சொல்வது அடங்கல். வருவாய்த் துறையில் இது கிராமக் கணக்கு எண் 2. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும்; 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435.

வெள்ளக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் கையில் வைத்திருப்பது இந்த அடங்கல் விவரம்தான். அதில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராகத் ‘தரிசு’ என்று இருந்தால், வயலில் நெல் மூழ்கிக் கிடந்தாலும் பதிவேட்டின்படி அங்கே சேதமடைய எதுவுமே இல்லை. உளுந்து என்று இருந்தால் நெல்லுக்கான தொகை வராது. அதனால் நடவு முடிந்த இரண்டு வாரத்துக்குள் கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) பாருங்கள். “நம்ம வயலை ஏத்திட்டீங்களா?” என்று வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். நடப்புப் பசலி அடங்கலைக் கையொப்பத்துடன் வாங்கி, அங்கேயே நின்று இவற்றைச் சரிபாருங்கள்:

- சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும். 112/3 என்பதும் 112/3அ என்பதும் வேறு வேறு வயல்.
- பயிர்ப் பெயர், பருவம்.
- சாகுபடிப் பரப்பு. அங்கே ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நூறு ஏர் ஒரு ஹெக்டேர், ஓர் ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட்.
- சாகுபடியாளர் பெயர். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இருப்பதுபோல், தலைப்பெழுத்து உட்பட.

பட்டா இன்னும் இறந்துபோன அப்பா, தாத்தா பெயரில் இருக்கிறதா? பெயர் மாற்றத்துக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது முடியும்வரை வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகள் நீங்கள்தான் சாகுபடி செய்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்த ஒப்புதல் கடிதமும் கைவசம் இருக்கட்டும். கூட்டுப் பட்டாவுக்கும் இதே வழிதான். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களில் இந்தக் கடிதம் வாங்குவதுதான் மிகக் கடினம். வெள்ளம் வந்து, பணமும் அறிவித்த பிறகு கேட்டால் இன்னும் கடினம்.

குத்தகைக்காரர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்

டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என்று குத்தகைச் சாகுபடி பரவலாக நடக்கிறது. அதில் பெரும்பகுதி வாய்மொழி ஏற்பாடு. விதையும் உரமும் உழைப்பும் குத்தகைக்காரருடையவை. நிவாரணப் பட்டியல் பட்டாவைப் பார்த்துத் தயாரானால் பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டில் மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்பேன். நிவாரணம் பயிர் வைத்தவருக்கானது.

வழி இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே நடக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம் 1969 முதல் இருக்கிறது. பதிவு செய்துகொண்ட குத்தகைதாரருக்குப் பெரிய பலம் அது. உரிமையாளர்கள் பயப்படுவதும் இந்தப் பதிவுக்குத்தான். அதற்கு அவர் சம்மதிக்கவே மாட்டார் என்றால், குறைந்தபட்சம் அடங்கலில் சாகுபடியாளர் பெயர் உங்களுடையதாக இருக்கப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், “இந்தப் பசலியில் இந்தச் சர்வே எண்ணில் இன்னார் சாகுபடி செய்கிறார், பயிர் நிவாரணமும் காப்பீடும் அவருக்கே” என்று உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கோயில் நிலமென்றால் குத்தகைப் பணம் கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் பங்குச் சாகுபடியாளரும் சேரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. “பட்டா உங்க பேர்ல இல்லையே” என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

காப்பீடு கட்டும்போது ரசீதைப் படியுங்கள்

விவசாயி கட்டும் பங்கு: காரிஃப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலச் சாகுபடி) 1.5 சதவீதம், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம். குறுவை காரிஃபில் வரும். சம்பா, தாளடி ராபியில் வருவதால் 1.5 சதவீதம்தான், ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 540 ரூபாய். 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை. சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. நீட்டிப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். கடைசி இரண்டு நாளில் இணையதளம் திணறும், அவசரத்தில் தட்டச்சுப் பிழைகளும் கூடும்.

ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா, அடங்கல் அல்லது விதைப்புச் சான்று ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டலாம். ரசீது வந்ததும் மடித்துப் பையில் வைக்காமல், கிராமத்தின் பெயரை முதலில் பாருங்கள். மேலூர், கீழூர், வடபாதி, தென்பாதி என்று ஒரே மாதிரி பெயருள்ள வருவாய்க் கிராமங்கள் கணினிப் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். பக்கத்துக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தக் கிராமத்து மகசூலை வைத்துத்தான் உங்களுக்குக் கணக்கு. அப்புறம் சர்வே எண், பரப்பு, பயிர், கணக்கு எண். பிழை தெரிந்தால் கடைசி நாளுக்குள் திருத்தினால்தான் உண்டு. ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பேர் கட்டியிருந்தாலும் சிக்கல் வரும். குத்தகை நிலத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

தண்ணீர் நிற்கும் நாட்களில்

முதல் வேலை வடிகாலைத் திறந்து பயிரைக் காப்பாற்றப் பார்ப்பது. நிவாரணத்துக்காக யாரும் பயிரை மூழ்கவிடத் தேவையில்லை. அதோடு இவற்றையும் செய்யுங்கள்.

படம் எடுங்கள். இடமும் தேதியும் படத்திலேயே பதிவாகும் ஜிபிஎஸ் கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வயலின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று; பக்கத்தில் மின்கம்பம், மதகு, கோயில் கோபுரம் என்று அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்று; நீங்கள் வரப்பில் நிற்கும் மாதிரி ஒன்று. தண்ணீர் வடியும்வரை தினமும் ஒரு படம் இருந்தால் எத்தனை நாள் பயிர் மூழ்கிக் கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வி.ஏ.ஓ.வுக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை. சர்வே எண், பரப்பு, பயிரின் வயது, தண்ணீர் ஏறிய தேதி இருக்கட்டும்.

காப்பீடு கட்டியிருந்தால் 72 மணி நேரக் கெடு ஒன்று உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, வெள்ளத்தேக்கம், இயற்கைத் தீ போன்றவற்றால் தனி வயலில் வரும் சேதத்துக்கும், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்து போனதற்கும் இந்தக் கெடு பொருந்தும். 14447 என்ற எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவித்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் பொறுத்தவரை 2018 திருத்தத்தில் வெள்ளத்தேக்கத்தைத் தனிவயல் இழப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பச் சேர்ப்பதாகவும், 2026 காரிஃப் முதல் நடைமுறைக்கு வரும் என்றும் மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது; காட்டு விலங்குகளால் வரும் சேதமும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பருவத்துக்கான மாநில அறிவிக்கையில் இது இருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொண்டு, சந்தேகமாக இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்வதால் நஷ்டம் எதுவும் இல்லை.

கணக்கெடுப்பு நாள்

தண்ணீர் வடிந்த பிறகு வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாக வயலுக்கு வருவார்கள். வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறை. எந்தத் தேதியில் உங்கள் கிராமம் என்று முன்பே கேட்டு வைத்து, அன்று வயலில் இருங்கள். ரோட்டோரம் நின்று ஒட்டுமொத்தமாகப் பார்த்துவிட்டுப் போகும் கணக்கெடுப்பும் நடக்கிறது. உள்வயல்காரர்கள் விடுபடுவது அப்படித்தான்.

இங்கே பெரிய சிக்கல் ஒன்று. மூழ்கிய நெல், தண்ணீர் வடிந்த சில நாளில் மேலாகப் பச்சை கட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பிழைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அதிகாரியை வயலுக்குள் இறங்கச் சொல்லுங்கள். நடுவயலில் ஒரு குத்தைப் பிடுங்கினால் வேர் கறுத்து, அடித்தண்டு கொழகொழவென்று நசுங்கி வரும்; தூர்களைப் பிரித்து எண்ணினால் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை அழுகிவிட்டன என்பது அங்கேயே தெரிந்துவிடும். பூக்கும் பருவத்தில் மழை பிடித்திருந்தால் கதிரை உருவிப் பதரைக் காட்டுங்கள். அறுவடைக்கு நின்று சாய்ந்த பயிரென்றால் தரையில் படிந்த பக்கம் நெல்மணி முளைவிட்டிருக்கும், திருப்பிக் காட்டுங்கள். வரப்போர இரண்டு குத்தை வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். சேதம் 33 சதவீதத்தைத் தாண்டியதா இல்லையா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிறது.

எழுதிக்கொண்டவரிடம் சர்வே எண், பரப்பு, சேத சதவீதம், வங்கிக் கணக்கு எண் நான்கையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபப்பட மாட்டார்கள், நூற்றுக்கணக்கான வயல்களை எழுதுகிறவருக்குத் தவறு வருவது சகஜம். கணக்கெடுப்புக்கு முன்பே மறுநடவு செய்தாக வேண்டிய நிலை வந்தால், உழுவதற்கு முன் படங்களோடு வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு உழுங்கள். உழுத பிறகு சேதத்தை நிரூபிக்க உங்களிடம் அந்தப் படங்கள்தான் இருக்கும்.

இதன் பிறகு பட்டியல் வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் வழியாகச் சென்னைக்குப் போய், அரசாணை வந்து, பணம் நேரடியாக வங்கிக்கு வரும். பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன் உங்கள் பெயரைப் பார்த்துவிடுங்கள். கிராம அளவில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். வங்கியில் ஒன்றைக் கேளுங்கள்: அரசின் நேரடிப் பணம் வருவதற்கு ஆதாரோடு குறிக்கப்பட்டிருப்பது எந்தக் கணக்கு? இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு என்றோ மூடிக்கிடக்கும் கணக்குக்குப் பணம் போய்த் திரும்புவது உண்டு. பயிர்க்கடன் கணக்கைக் கொடுக்காமல் சேமிப்புக் கணக்கைக் கொடுங்கள்.

காப்பீட்டுப் பணம் ஏன் சிலருக்குச் சுழியம்?

பயிர்க் காப்பீட்டின் அடிப்படை அலகு உங்கள் வயல் அல்ல, கிராமம். முந்தைய ஏழு ஆண்டுகளில் மகசூல் நன்றாக இருந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் அறிவிக்கப்பட்ட சதவீதத்தைக் கணக்கிட்டு உத்தரவாத மகசூலை முடிவு செய்கிறார்கள். இந்த ஆண்டு மகசூலைக் கண்டுபிடிக்க அறுவடைப் பரிசோதனை நடக்கும். தேர்வான வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த 25 சதுர மீட்டரில் 10 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று கணக்கு.

உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, பரிசோதனையில் வந்தது 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு 40 சதவீதம். காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் இழப்பீடு 14,400. கிராமத்தில் காப்பீடு கட்டிய எல்லா நெல் விவசாயிக்கும் அதே விகிதம்தான், யாருடைய வயல் எப்படி இருந்தாலும். பள்ளக்காட்டில் உங்கள் வயல் மட்டும் முழுசாகப் போய், மேட்டு வயல்களெல்லாம் விளைந்திருந்தால் உங்களுக்கும் சுழியம்தான். இது குறைபாடுள்ள முறை. தனிவயல் சேதத்தைப் பதிவு செய்ய நான் வற்புறுத்துவதும் இதனால்தான். ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது, அறுவடைப் பரிசோதனை எந்தச் சர்வே எண்ணில், எந்த நாளில் என்று கேட்டு, நாலு பேர் போய் உடனிருந்து பார்ப்பது. எடையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஆடு, மாடு, வீடு, உயிர்

கறவை மாடு இறந்தால் விதிமுறைப்படி 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் முன் புதைக்க வேண்டாம். காதுத் தோடு தெரியும்படி படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். அடித்துக்கொண்டு போன ஆடுகளுக்கு உடல் இருக்காது; அக்கம்பக்கத்தார் சாட்சியோடு அன்றே எழுதிக் கொடுங்கள்.

முழுதும் அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000. ஃபெஞ்சலின்போது மாநில அரசு குடிசைக்கு 10,000 கொடுத்தது. இடிபாட்டை அகற்றும் முன் படம் முக்கியம். நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களுக்குப் பயிர் நிவாரணத்தில் இடமே இல்லை. அவர்களுக்கு வருவது வீட்டுச் சேதமும், அரசு அறிவிக்கும்போது குடும்ப அட்டை வழியே வரும் தொகையும்தான். நடவு போனால் அந்தப் பருவத்துக் கூலியும் போகிறது, அதை ஈடுகட்ட ஏற்பாடு இல்லை. கிராம சபையில் இதை எழுப்ப வேண்டும்.

வெள்ளத்திலோ சுவர் இடிந்தோ உயிர் போனால் விதிமுறைப்படி 4 லட்சம். 2023, 2024 புயல்களில் தமிழ்நாடு 5 லட்சம் கொடுத்தது. காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது தோன்றாது. பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் போகாமல் அடக்கம் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் விடுபட்டால்

முதலில் வட்டாட்சியருக்கு மனு. உணர்ச்சியாக இரண்டு பக்கம் வேண்டாம். பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு, பயிர், மூழ்கிய தேதி, கணக்கெடுப்பு நடந்த தேதி, அடங்கல் நகல், படங்கள், “பக்கத்துச் சர்வே எண்ணுக்குப் பதிவாகி எனக்கு விடுபட்டுள்ளது” என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். மனு கொடுத்ததற்கு ரசீது எண் வாங்குங்கள்.

பலனில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், அல்லது மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். இரண்டாவதில் வேளாண்மை இணை இயக்குநர், வங்கி அதிகாரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதால் காப்பீட்டுப் பிரச்சினைக்கு அதுவே நல்லது. முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் பதிவு செய்யலாம். தனித்தனியாகப் போகாமல், விடுபட்டவர்கள் எல்லோரும் சர்வே எண் வாரியாக ஒரே பட்டியலாகப் போட்டுக் கொண்டுபோனால் தட்டிக்கழிப்பது சிரமம்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “எனக்கு ஏன் பணம் வரவில்லை?” என்று கேட்டால் சரியான பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: இன்ன கிராமத்தில் இன்ன பசலியில் நடந்த பயிர்ச்சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், இன்ன சர்வே எண்ணுக்குப் பதிவான சேத சதவீதம், கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர்களின் பதவியும் தேதியும், என் மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பட்டியல் நகல் கைக்கு வந்ததும் உங்கள் பெயரை மட்டும் தேடாமல் முழுவதையும் படியுங்கள். சாகுபடியே நடக்காத சர்வே எண்கள் அதில் இருந்தால் அதையும் அடுத்த மனுவில் சேர்த்து ஆட்சியருக்கு அனுப்புங்கள்.